சூளையின் மூன்றாம் நாள்

ஐம்பத்திரண்டு வயதில்தான் முதன்முதலாகக் களிமண்ணில் கை வைத்தேன். அதுவரை நான் ஓவியன். பெரிய கான்வாஸில், எண்ணெய் வண்ணத்தில், உருவம் எதுவும் பிடிபடாத படங்களை வேகவேகமாக வரைகிறவன். தொண்ணூறில் போர் நெருங்கி, எங்கள் ஊரான மயிலிட்டியை விட்டு ஓடியபோது அவற்றில் ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை.

மருதனார்மடத்தில் மனைவியின் உறவினர் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்கு வண்ணக் குழாய்கள் வருவது நின்றுபோயிருந்தது. எனக்கோ சும்மா இருக்க முடியாது. சுவரில் கரியால் கீறினேன். வீட்டுக்காரர் முகம் சுளித்தார். விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அப்படி அலைந்த ஒரு நாள் உரும்பிராயில் நண்பர்கள் வீட்டு வாசலில் இறங்கினேன். கணவனும் மனைவியும் கலைஞர்கள். என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். அவர் சீமெந்தில் சிலை செய்தவர். அவள் என்னைப்போல வரைந்தவள். சீமெந்தும் வண்ணமும் இல்லாமல் போகவே இருவரும் மண்ணுக்கு மாறி, வளவு மூலையில் பழைய செங்கல்லால் சூளையும் கட்டியிருந்தார்கள்.

"பானை சட்டியோ செய்யிறியள்?" என்றேன், கொஞ்சம் இளக்காரமாக.

"ஓம் அண்ணை. நீங்களும் ஒண்டு செய்து பாருங்கோவன்," என்று ஓர் உருண்டை மண்ணை என் முன்னால் வைத்தாள் அவள்.

பின்னேரம்வரை இருந்தும் ஒரு கிண்ணம் வரவில்லை. விளிம்பைப் பிடித்தால் அடி சரிந்தது. அவமானமாக இருந்தது. அதனாலேயே மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும். சில வாரங்களில் தட்டையான பெரிய தட்டுகள் செய்து, தென்னை ஈர்க்கால் கோடு கீறப் பழகிவிட்டேன்.

முதல் சூளைக்கு அவளுடைய நாலு மாத வேலையோடு என்னுடைய ஆறு தட்டுகளும் ஏறின. காலையில் தீ மூட்டினோம். பத்து மணியளவில் குண்டு போடும் பொம்மர் விமானம் வானத்தில் இரைந்தது. மூவரும் வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் இறங்கினோம்.

"தீ இறங்கப்போகுது தம்பி, நான் ரண்டு பனை மட்டை வைச்சிட்டு ஓடி வாறன்."

"விசரே அண்ணை உங்களுக்கு?" என்று அவர் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

குண்டு வேறெங்கோ விழுந்தது. மேலே ஏறி, பொழுது சாயும்வரை பனை மட்டை போட்டு எரித்து, சூளை வாயைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்தோம்.

"நாளையிண்டைக்கு, மூண்டாம் நாள் காலமைதான் திறக்கிறது. அதுக்கு முதல் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது, சூட்டோட குளிர்காத்துப் பட்டால் எல்லாம் பிளந்துபோகும்," என்றாள்.

மறுநாள் மத்தியானமே போய் நின்றேன். அவர்கள் செத்தவீடு ஒன்றுக்குப் போயிருந்தார்கள். ஒரு கல்லைத்தான் எடுத்தேன். உள்ளே சிவப்பாக என் தட்டின் விளிம்பு தெரிந்தது. இன்னொரு கல், பிறகு இன்னொன்று. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிக் என்று ஒன்று, சற்றுப் பொறுத்து அடுத்தது, பிறகு வரிசையாக. கற்களைத் திரும்ப வைத்தேன். சத்தம் நிற்கவில்லை.

அவர்கள் வந்தபோது நான் அங்கேயே குந்தியிருந்தேன்.

"ஆர் திறந்தது?"

"நான்தான் பிள்ளை."

அவர் தலையில் கை வைத்தார். அவள் மட்டும் சூளைக்குக் கிட்டப் போய்க் காதுகொடுத்துக் கேட்டாள். "என்ரை நாலு மாதம் அண்ணை," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இனி வராதே என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் போவதை நிறுத்தவில்லை. அவளுக்கு வேண்டிய மண் முழுவதையும் நானே ஊறவைத்து, கல் பொறுக்கி, குழைத்துக் கொடுத்தேன். அவள் வேலைக்குத் தேவையானதைத் தவிர என்னோடு கதைக்கவில்லை. மண்ணுக்குள் காற்று இருந்தால் சூளையில் வெடிக்கும். குமிழி போகும்வரை ஒரே இடத்தில் நின்று அமுக்கவேண்டும். எனக்கு அது பெரிய தண்டனை. கால்கள் தெருவுக்கு ஓடும்.

அவளுடைய வேலையோடு என் புதுத் தட்டுகளும் ஏறிய அடுத்த சூளையை அடைத்த அன்று வீட்டுக்கு வந்து, மனைவியிடம் சைக்கிளைப் பூட்டி, பூட்டின் திறப்பை ஒளித்துவைக்கச் சொன்னேன். அவள் சிரித்தாள், ஆனாலும் ஒளித்துவைத்தாள். அன்றிரவும் மறுநாள் முழுதும் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை போனபோது எனக்காகக் காத்திருந்தார்கள். கற்களை அவள் எடுத்தாள். என் தட்டு ஒன்று முழுதாக வெளியே வந்தது. சிவப்பின் குறுக்கே புகை ஒரு கரும்பட்டை இழுத்திருந்தது. என் படங்களில் நான் வைக்காத நிறம் ஒருநாளும் இருந்ததில்லை. இது நான் வைத்ததல்ல, எடுத்துவிடவும் மனமில்லை.

அவள் மடக்கிய விரலின் மொளியால் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது.

"நீயே வைச்சிரு பிள்ளை," என்றேன்.

"இப்ப வேண்டாம். எனக்கு இன்னும் கோவம் போகேல்லை," என்று அதை என் கையில் தந்துவிட்டு, அடுத்ததை எடுக்கக் குனிந்தாள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினேன்.