தொட்டிலுக்கு மேலிருந்த உத்தரம்

பெயிண்ட் வாடை ஒருவரின் மூச்சையே திணறடித்துவிடக்கூடும் என்பதை, என் ஒரே மகளுக்கு அது நேர்ந்த பிறகே நான் அறிந்தேன். சென்னையில் அவளும் மருமகனும் புதிதாக ஓர் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபோனார்கள். சுவரெங்கும் பளபளப்பு, சமையலறை முதல் படுக்கையறை வரை ஒட்டுப்பலகை அலமாரிகள், அவற்றின் மேல் முழுதாகக் காயாத வார்னிஷ். குடிபோன சில நாட்களுக்குள் அவளுக்கு மூச்சிரைப்பு கண்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அப்போது அவள் கர்ப்பமுற்றிருந்தாள். மருமகன் தொலைபேசியில், "மாமா, பயப்படாதீங்க, மாஸ்க் வச்சிருக்காங்க, இப்போ பரவாயில்லை" என்றார். அந்தப் 'பயப்படாதீங்க' என்ற சொல்லோடு என்னுள் குடியேறிய பயம் இன்றளவும் முழுவதுமாக வெளியேறவில்லை.

பசை, வார்னிஷ், பெயிண்ட், பூச்சிமருந்து ஆகியவற்றின் வாடை அவள் இருக்கும் இடத்தில் அறவே கூடாது என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில். எனவே அவள் வந்து தங்க வேண்டிய அறையைப் பற்றி நான் சிந்திக்கலானேன்.

எங்கள் வீடு சங்கரன்கோவிலில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் இருக்கிறது. நான் நூல் வியாபாரம் செய்து ஓய்ந்தவன். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மற்றவற்றை நூலகத்திலும், பிற்காலத்தில் கைப்பேசியிலுமாகக் கற்றுக்கொண்டேன். பின்கட்டில் இருந்த அறையை வாடையே இல்லாத அறையாக, மண்ணுக்கும் காற்றுக்கும் கேடு செய்யாத பொருள்களை மட்டுமே கொண்டதாக மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஏறத்தாழ இரண்டு மாத காலம் வேறு நினைப்பு எனக்கு இல்லை.

பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்தோம். எங்கள் பக்கத்துக் கரிசல் மண் காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் செம்மண் வரவழைத்து, மணலும் நறுக்கிய வைக்கோலும் கூட்டி, கடுக்காய்த் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்துச் சுவரில் பூசினோம். தரைக்குச் சுட்ட மண் ஓடு. ஒட்டுப்பலகைக்குப் பதிலாகச் சுவரில் பதித்த கடப்பைக்கல் தட்டுகள். சன்னலுக்குக் கோரைப்பாய், அதற்குள்ளாக எங்கள் தெருத் தறியிலேயே நெய்த, சாயம் ஏற்றாத பருத்தித் துணி. கான்கிரீட் கூரை சித்திரை வெயிலில் தோசைக்கல்லாகக் காயும். ஆதலால் அதன் கீழே மூங்கில் தட்டியால் ஒரு மேல்மூடி அமைத்தேன். அதைத் தாங்குவதற்குச் சுவருக்குச் சுவர் ஒரு மர உத்தரம் தேவைப்பட்டது. புது மரம் வெட்டுவானேன் என்று, ராயகிரியில் இடித்த ஒரு வீட்டின் பழைய உத்தரத்தை வாங்கி வந்து பொருத்தினேன். பேத்தியோ பேரனோ, அந்த உத்தரத்தில்தான் தொட்டில் தொங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வேலை தொடங்கிய அன்றே கொத்தனார் ஒரு கேள்வி கேட்டார். அவர் என்னைவிட இளையவர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் சுபாவம் உடையவர்.

"அண்ணாச்சி, ஓடு பதிக்கதுக்கு முன்னால அடியில கரையான் மருந்து ஊத்திருவோமா?"

"வாடை வருமா?"

"வரத்தான் செய்யும். கொஞ்ச நாள் அடிக்கும், பெறகு போயிரும்."

"அப்படியானால் வேண்டாம்."

"கரையானுக்குத் தனி வாசல், நமக்குத் தனி வாசல்னு வைக்க முடியுமா அண்ணாச்சி? யோசிச்சுக்கிடுங்க."

நான் யோசிக்கவில்லை. மகளின் முகத்தில் மாட்டியிருந்த மாஸ்க் மட்டுமே என் கண்முன் நின்றது.

வளைகாப்பு முடிந்து அவள் வந்தாள். அறைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தாள். அந்த ஒரு மூச்சு நல்லபடியாக வெளியே வரும்வரை நானும் மூச்சுவிடவில்லை.

"எப்பா, இந்த ரூம்ல மழ பேஞ்ச வாசம்லா அடிக்கு!"

அவள் அங்கே நன்றாகத் தூங்கினாள். மார்பில் மூச்சிரைப்பின் விசில் சத்தம் இல்லை. என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளில் ஆகச் சிறந்தது இதுவே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிரசவத்திற்குச் சில வாரங்கள் இருக்கையில், அறையின் கிழக்கு மூலையில், கல்தட்டுக்குக் கீழே, ஒரு சிறு மண்குவியல் எழுந்திருந்தது. கைப்பிடி உயரம் இருக்கும். கூட்டித் தள்ளலாம் என்று துடைப்பத்தோடு குனிந்த என் மனைவி, அப்படியே துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினாள்.

"அம்மா! தாயே! வீட்டுக்கே வந்துட்டியா!"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். அதை நெற்றியில் இடுவோம், உடம்புக்கு முடியவில்லை என்றால் தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். பாம்பும் தேளும் வீட்டை அண்டாதிருக்க, அவற்றின் உருவத்தைத் தகட்டில் வாங்கி அம்மனுக்குச் செலுத்துவோம். புற்றை உடைக்கும் கை எங்கள் ஊரில் எவருக்கும் வராது. மனையில் புற்று இருந்தால் சுவரை ஒதுக்கிக் கட்டியவர்களை நான் அறிவேன்.

அன்றே மஞ்சளும் குங்குமமும் வைத்தாயிற்று. மறுநாள் முதல் காலையும் மாலையும் பால் ஊற்றத் தொடங்கினாள்.

"புத்து இருந்தா பாம்பு வரும்லாம்மா?" என்று மகள் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்கத் தயங்கினாள்.

"வராம இருக்கத்தாம்ட்டி பால் ஊத்துதேன். வாய மூடு."

நான் தனியே அழைத்துச் சொல்லிப் பார்த்தேன். "ஏளா, அது கரையான். வீட்டுக்குள்ள வச்சுப் பால் ஊத்தலாமா?"

"புள்ள பெறப்போற நேரத்துல என்ன பேச்சுப் பேசுதிய? நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பொறுப்பா?"

  சிறு வயது முதல் அந்த மண்ணை நெற்றியில் இட்டு வந்தவன் நான். நானே உடைத்து, பிரசவத்தில் ஏதேனும் ஆகிவிட்டால்? அந்த நினைவை முடிக்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. மருந்து அடிக்கலாம் என்றால் மகளின் மூச்சு. இரண்டுக்கும் நடுவே நான் நாட்களைக் கடத்தினேன். புற்று, பாலின் ஈரத்தில் வளர்ந்தது.

எனினும் ஒன்று செய்தேன். கரையான் வெளிச்சம் படாதிருக்க மண்ணாலேயே ஒரு மூடுபாதை கட்டிக்கொண்டுதான் சுவரில் ஏறும். வெள்ளைச் சுவரில் அது பழுப்புக் கோடாகத் தெரியும். எல்லோரும் உறங்கும் பிற்பகல்களில் அறையின் நான்கு சுவர்களையும் உற்றுப் பார்த்தேன். கோடு எதுவும் தென்படவில்லை. ஏணி போட்டு ஏறி உத்தரத்தின் நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்தேன். கெட்டியான ஓசை வந்தது. மூலையோடு நின்றுவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பெண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். "பாத்தியளா, யாரு காப்பாத்துனது?" என்று மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தலை குனிந்தேன். நல்ல நாள் பார்த்து, மகளின் பழைய பருத்திச் சேலையை உத்தரத்தில் கட்டிப் பேத்தியைத் தொட்டிலிலிட்டார்கள். அதன் உட்புறம் ஒரு வெள்ளை வேட்டியை மடித்து விரித்திருந்தேன்.

அதன் பின் ஒரு பிற்பகலில், தொட்டிலை ஆட்டிக்கொண்டு நான் தரையில் அமர்ந்திருந்தேன். மகள் கட்டிலில் அயர்ந்திருந்தாள். மனைவி பூ வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்காகச் சேலையை விலக்கினேன். வேட்டியின் மீது, அவள் காதருகே, பொடிப்பொடியாக ஏதோ கிடந்தது. விரலால் தொட்டேன். மண். தட்டிவிட்டேன். மீண்டும் ஒருமுறை ஆட்டினேன். மீண்டும் இரண்டு துகள்கள் விழுந்தன.

நான் மேலே பார்த்தேன். உத்தரம் உத்தரமாகவே இருந்தது. என் கை மட்டும் தானாகத் தொட்டிலின் அடியில் போய்த் தாங்கிக்கொண்டது. எழுந்தால் கையை எடுக்க வேண்டும். கையை எடுக்கப் பயம். மகளை எழுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அவளுக்கு மூச்சிரைக்கும் என்று பயம்.  தெருவில் தறிகள் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே மரம் முறியும் ஓசை கேட்குமா, கேட்காதா என்று மட்டுமே என் மனம் ஆராய்ந்துகொண்டிருந்தது. பின்னர் இரு கைகளாலும் குழந்தையை வாரி எடுத்தேன்.

மகள் விழித்தாள். "எப்பா, இப்பந்தான தூங்குனா, எதுக்குத் தூக்குதிய?"

"பாக்கணும்போல இருந்துது மக்கா."



குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, கிழக்கு மூலைக்குச் சென்று, கண்ணால் பார்ப்பதை விட்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தடவினேன். கல்தட்டுக்குப் பக்கத்தில், கை நரம்புபோல் ஒரு மேடு தட்டுப்பட்டது. அதைப் பின்பற்றி மேலே சென்றேன். என் தோள், என் தலை, என் கை எட்டும் உயரம் வரை அது போயிற்று. உத்தரம் சுவரில் புகும் இடத்தை நோக்கிப் போயிற்று. நான் பூசியதும் செம்மண். கரையான் அதிலிருந்து எடுத்துக் கட்டியதும் அதே செம்மண். என் சுவரின் நிறத்திலேயே அது ஏறியிருந்தது. ஏணி வைத்து உத்தரத்தின் முனையை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே சென்றது.

மனைவி பூக்கூடையோடு வந்தபோது நான் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்து, வேட்டியில் கிடந்த மண்ணின்மேல் வைத்தேன். பிறகு அவளை ஏணியில் ஏறச் சொன்னேன். ஏறினாள், அழுத்தினாள், இறங்கினாள். கூடையிலிருந்த மல்லிகை தரையெங்கும் சிதறியது.

"இதுக்குக் கீழயா புள்ளயப் போட்டோம்?" என்றாள்.

அன்று மாலையே கொத்தனார் வந்தார். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏ அண்ணாச்சி! நீங்க கரையானுக்குல்லா வீடு கட்டியிருக்கிய! மண்ணப் பூசி, வைக்கோலப் போட்டு, மருந்தும் வேண்டாம்னுட்டு... மதினி அதுக்குப் பால் வேற ஊத்தியிருக்காவ! என் வீட்டுல எனக்கே ரெண்டு நேரம் பால் கெடையாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவிக்குத்தான் அழுகையினூடே ஒரு சிரிப்பு வந்து நின்றது.

"மருந்து அடிச்சாத்தான் தீரும்" என்றார் அவர். மகள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அப்போ நான் சென்னைக்கே போயிருதேம்ப்பா" என்றாள். அந்தப் பளபளப்பான வீட்டிற்கு. ஒன்றின் பிடியிலிருந்து மற்றொன்றின் பிடிக்கு. நான் மனைவியைப் பார்த்தேன். புற்று அங்கே இருக்கும்வரை மருந்தைத் தவிர வேறு வழி எதுவும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அதில் கை வைக்க வேண்டியவர் யார் என்பதே மிச்சமிருந்த கேள்வி.

அவள் குளித்து ஈரச்சேலையோடு வந்தாள். விளக்கேற்றி, மூலையின் முன் மண்டியிட்டாள்.

"தாயே, கோயில்ல ஒன் மண்ண அள்ளித்தான எல்லாருக்கும் குடுக்காவ. அதே மாதிரி நானும் அள்ளுதேன். ஒடைக்கல தாயே. அள்ளுதேன்."

கடப்பாரை தொடவில்லை, மண்வெட்டி தொடவில்லை. இரு கைகளாலும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தாள். வெண்ணிறப் பூச்சிகள் அவள் விரல்களில் ஏறின, அவள் உதறவில்லை.  தாம்பாளத்தைத் தலையில் சுமந்து, ஊருக்கு வெளியே ஓடையோரம் நின்ற ஒரு வேப்பமரத்தடியில் கொண்டு சேர்த்தாள். நான் பால்செம்போடு பின்னே நடந்தேன்.

மறுநாள் உத்தரத்தை இறக்கினோம். முனையில் பெரும்பகுதி வெறும் மண்ணாக இருந்தது. நடுப்பகுதி, நான் தட்டிப் பார்த்த இடம், கெட்டியாகவே இருந்தது. கொத்தனார் அந்த உத்தரத்தை இரண்டு துண்டாக அறுத்தபோது நான் அங்கே நிற்கவில்லை. சுவரின் கீழ்ப்பகுதியில் மண் பூச்சை உரித்து, சுற்றிலும் முழங்கால் உயரத்திற்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்தோம். இனி எது ஏறினாலும் வெள்ளையில் தெரியும். ஓட்டின் இடுக்குகளில் வேப்பெண்ணெய் விட்டோம். அந்த வாடையை மகள் தாங்கிக்கொண்டாள். மூங்கில் தட்டியையும் எடுத்தாயிற்று. அதை எடுத்தவுடன் கான்கிரீட் கூரையின் நடுவில் ஓர் இரும்பு வளையம் தெரிந்தது. மகள் பிறந்தபோது அவளுடைய தொட்டிலுக்காகக் கூரை போடும்போதே பதித்தது. நான் மறந்தே போயிருந்தேன். அதில் நானும் கொத்தனாரும் ஒருவர் பின் ஒருவராகத் தொங்கிப் பார்த்தோம். அதன் பிறகே குழந்தையைக் கிடத்தினோம்.

அறை இப்போது முன்போல் குளிர்ச்சியாக இல்லை. பகலில் நான் விசிறியோடு அமர்கிறேன். காலையில் எழுந்தவுடன், முகம் கழுவுமுன், வெள்ளைப் பட்டையைச் சுற்றிலும் குனிந்து பார்க்கிறேன்.

சென்ற வாரம் ஒரு காலை, கல்தட்டுக்கு அருகில், வெள்ளையின்மேல் பழுப்பாக ஒரு கோடு இருந்தது.  தரையில் அமர்ந்தவாறே நகர்ந்து சென்று நகத்தால் சுரண்டினேன். உள்ளே கரையான் பாதையின் பொந்து இல்லை, வெறும் தீற்றல். மனைவியைக் கூப்பிட்டேன்.

"அதுவா? புள்ள நெத்தியில கோயில் மண்ணு வச்சேன், கையத் தொடச்சேன்" என்றாள். "இதுக்கா இப்பிடி வேத்து ஊத்துது ஒங்களுக்கு?"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, என்னருகே அமர்ந்து, தானும் அந்த இடத்தை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.