ஒன்பது விநாடிச் சிப்பாய்

கியோட்டோவில் அந்த ஸ்டுடியோவின் நெகட்டிவ் அறையில் பதினோரு பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் இசோவின் கைதான் சுத்தம் என்று பெயர். வெள்ளைப் பருத்திக் கையுறை, சின்னக் கத்தரி, ஒட்டுகிற பசை, கூர் சீவிய பென்சில், இவ்வளவுதான் அவள் உலகம். வெட்டிய துண்டு ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி ஆணியில் மாட்டுவாள். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றவள்தான், ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு துண்டைக்கூடத் தொலைத்ததில்லை.

நெகட்டிவில் வெயில் கறுப்பாக இருக்கும். ஏரி கரியைக் கரைத்ததுபோலக் கிடக்கும். கறுத்த முகங்கள் வெளுத்த தலைமுடியோடு சத்தமில்லாமல் வாயசைக்கும். நாள் முழுக்க அதைப் பார்த்துவிட்டு மாலையில் டிராமில் ஏறினால், எதிரே உட்கார்ந்திருப்பவர்களை யாரோ கழுவி உலர்த்தி அனுப்பியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். இறங்க வேண்டிய இடத்தைப் பல நாள் தவறவிட்டிருக்கிறாள்.

அவள் தம்பி தொகுஜிக்கு வயது இருபத்திரண்டு. அதே ஸ்டுடியோவில் போர்க்களத்தில் சாகும் துணை நடிகன். போன வருஷம் மட்டும் நாற்பத்தொரு தடவை செத்தான். இசோ நோட்டில் குறித்து வைத்திருந்தாள். மற்றவர்கள் மூட்டை விழுவதுபோல விழுவார்கள். கையை எங்கே போடுவது, எந்தக் காலை மடிப்பது என்று யோசித்து விழுகிறவன் தொகுஜி ஒருவன்தான். அவள் அதை நெகட்டிவ் அறையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள், சிலரிடம் இரண்டு தடவை.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பீவா ஏரிக்கரையில், மீன் பிடிக்கும் மாமாவின் வீட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தாள். மூத்தவன் கென்ஸோ தெற்கே போருக்குப் போனவன், வெள்ளைத் துணி சுற்றிய அஸ்திப் பெட்டியாகத்தான் வந்தான். உள்ளே பெயர் எழுதிய காகிதம் ஒன்று மட்டும் இருந்தது.

அந்தப் புது வருஷத்துக்கு இசோவும் தொகுஜியும் ஊருக்குப் போயிருந்தபோது, அரிசி உருண்டை போட்ட சூப்பைப் பரிமாறிக்கொண்டே அம்மா ஆரம்பித்தாள்.

“சாவறது ஒரு வேலையாடா? அதுக்கு உங்கண்ணன் ஒருத்தன் போதாதா?”

“நான் செத்துட்டு எழுந்து டீ குடிக்கிறேன்மா.”

“மூஞ்சி தெரியுதா படத்துல?”

“முதுகு நல்லாத் தெரியும்.”

“முதுகைக் காட்டியே பொழைச்சிடலாம்னு பார்க்கிறான்! இங்க பாரு. நாத்து நடறதுக்குள்ள உன் மூஞ்சியை ஒரு படத்துல நான் பார்க்கணும். பார்த்துட்டா அப்புறம் வான்னு கூப்பிட மாட்டேன். இல்லேன்னா மாமா படகுல ஏறிடணும். சரியா?”

“சரி” என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் நாற்று நட எத்தனை மாசம் என்று விரல்விட்டு எண்ணினான்.

பிப்ரவரியில் அதிர்ஷ்டம் வந்தது. ஹியோதோ என்ற டைரக்டர் பெரிய சரித்திரப் படம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார். கோட்டைக்கு ஆசைப்பட்ட ஒருவன் தன் இரண்டு தம்பிகளையும் இழுத்துக்கொண்டு போருக்குப் போகிறான். அம்மா ஏரிக்கரைக் குடிசையில் காத்திருக்கிறாள். கோட்டை கிடைக்கிறது, பிள்ளைகள் மிஞ்சவில்லை. கடைசியில் பெயரில்லாத சிப்பாய் ஒருவன் பனிமூட்டத்தில் நாணல்களுக்கு நடுவே நடந்து வந்து அவள் வாசலில் நிற்கிறான். அவன் ஒன்றும் சொல்வதில்லை, அவளுக்குப் புரிந்துவிடும். இருநூறு துணை நடிகர்களைப் பார்த்துவிட்டு டைரக்டர், “அதோ, ஒழுங்கா விழறானே, அவனைக் கூப்பிடு” என்றாராம்.

விடியற்காலைப் பனியில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். காற்று திசைமாறி மூட்டம் கலையத் தொடங்கியதும், அவசரமாகக் காமிராவைப் படகுத்துறையின் அந்தப் பக்கம் தூக்கிப்போய் வைத்தார்கள். தொகுஜி நடந்தான். இடுப்பில் வாள் இல்லை, கவசம் இல்லை, கிழிந்த அங்கி மட்டும். மூட்டத்திலிருந்து முதலில் நிழல், பிறகு தோள், பிறகு முழு முகம். ஒன்பது விநாடி, இருநூற்றுப் பதினாறு படச்சட்டங்கள்.

ஏப்ரலில் எடிட்டர் நாகாசே அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

“சண்டைக்குப் போறவங்க எல்லாம் திரையில இடது பக்கமாப் போறாங்க. காமிராவை மறுபக்கம் வெச்சதுல இவனும் இடது பக்கமாவே நடக்கிறான். வர்றவன் மாதிரி இல்லையே, இவனும் சண்டைக்குக் கிளம்பிட்ட மாதிரி இருக்கு.”

“திரும்ப எடுக்க முடியாதா சார்?” இசோ கேட்டாள்.

“எங்க எடுக்கிறது? மார்ச்சுல வழக்கம்போல நாணலைக் கொளுத்திட்டாங்க. கரையெல்லாம் சாம்பல். வெட்டிடு. கிழவி கதவைத் திறந்து பார்க்கிறதோட நிறுத்திக்கலாம்.”

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு இசோ அந்தத் துண்டை விளக்குக் கண்ணாடிமேல் வைத்தாள். பிறகு அதை அப்படியே முன்பின்னாகப் புரட்டிப் போட்டாள். தம்பி இப்போது வலது பக்கமாக, வீட்டை நோக்கி நடந்தான். படச்சுருளின் தடிப்பு நடுவே வருவதால் இப்படிப் புரட்டி அச்சிடும்போது உருவம் இம்மி மங்கும் என்று அவளுக்குத் தெரியும். மங்கட்டும், பனிதானே.

அடுத்த சட்டத்தைப் பார்த்தபோதுதான் கை நின்றது. அங்கியின் கழுத்து மாறியிருந்தது. உயிரோடிருக்கும் எவரும் இடது மடிப்பை மேலே வைத்துத்தான் உடுத்துவார்கள். வலது மடிப்பு மேலே வருவது பிணத்துக்கு மட்டும். அப்பாவுக்கு அம்மா தன் கையாலேயே அப்படி மடித்துவிட்டதை இசோ பார்த்திருக்கிறாள். கென்ஸோவுக்கு மடித்துவிட உடம்புகூட வரவில்லை.

வெட்டினால் தம்பியின் முகம் குப்பைக் கூடையில். புரட்டினால் அம்மா முன்னால் அவன் பிணமாக நடந்து வருவான்.

அவள் தம்பியைத் தேடிப் போனாள். இரும்புத் தொப்பியைத் தலைக்கு வைத்து, மூன்றாம் நம்பர் ஃபுளோரின் வெளிச்சுவரோரம் வெயிலில் படுத்திருந்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான்.

“நாத்து நட இன்னும் எத்தனை நாள்க்கா?”

“நாற்பது நாள் இருக்கும்.”

“மாமா படகுல போனமாசம் ஏறிப் பார்த்தேன். வாந்தி எடுத்தேன். ஏரிக்கரையில பொறந்தவன், வெளியில சொல்லிடாதே.” சிரித்தான். “புரட்டிடுக்கா. செத்தவனாவே வரேன், பரவாயில்லை. எனக்குப் பழக்கம்தானே.”

“அம்மா?”

“அம்மா பக்கத்துலயே நான் உக்காந்துக்கறேன். பயந்தா கிள்ளிப் பார்க்கட்டும்.”

இசோ புரட்டி ஒட்டி, நாகாசேயிடம் தானே சொல்லிவிட்டாள். அவர் முகம் சிவந்தது. “கழுத்தைப் பார்த்தியா? தியேட்டரே சிரிக்கும்மா!” இருந்தாலும் டைரக்டருக்குப் போட்டுக் காட்டினார். சிறிய அறையில் சிப்பாய் மூட்டத்திலிருந்து மூட்டமாகவே வந்தான். வந்து நின்றும் வந்து சேராதவன்போல இருந்தான். ஹியோதோ மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தடவைக்குப் பிறகு எழுந்தார்.

“செத்துப் போன செய்தியை உயிரோட இருக்கிறவன் ஏன் கொண்டாரணும்? இருக்கட்டும். வெட்டாதே” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டே போனார்.

மே மாதக் கடைசியில் படம் ஏரிக்கரை நகரமான ஓத்ஸுவுக்கு வந்தது. அம்மா தன் நல்ல கிமோனோவில், துணியில் முடிந்த சோற்று உருண்டைகளோடு ரயிலில் வந்து இறங்கினாள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். கோட்டை எரிந்தபோது அம்மா உருண்டையைக் கடித்தாள். குடிசைக் கிழவி கதவைத் திறந்தபோது கடிப்பதை நிறுத்தினாள்.

பனி வந்தது. பனிக்குள்ளிருந்து தொகுஜி வந்தான். முன்வரிசையில் யாரோ ஒரு பெண், “ஐயோ, கழுத்தைப் பாரு” என்று கிசுகிசுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. இசோ திரையைப் பார்க்கவில்லை. மனதுக்குள் சட்டங்களை எண்ணிக்கொண்டு அம்மாவின் கையைப் பார்த்தாள். அந்தக் கை இருட்டில் நகர்ந்து, பக்கத்திலிருந்தவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டது. படம் முடியும்வரை விடவில்லை.

வெளியே வெயிலில் கண் கூசியது. மூவரும் ஏரியோரமாக நடந்தார்கள். தொகுஜியால் பொறுக்க முடியவில்லை.

“பார்த்தியாம்மா?”

“யாரை?”

“என்னைத்தான். பனியில வந்தேனே.”

அம்மா நின்றாள். அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பி, இடது புருவத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். ஐந்து வயதில் படகுக் கொக்கி கிழித்த தழும்பு அங்கே இருந்தது.

“வந்தவனுக்கு இது வலது புருவத்துல இருந்துது. அவன் வேற யாரோ பெத்த பிள்ளை. பாவம், செத்துப் போயிட்டான். எம்பிள்ளைக்கு இந்தப் பக்கம்.”

இசோ திரும்பித் தம்பியின் புருவத்தைப் பார்த்தாள். இருநூற்றுப் பதினாறு சட்டங்களையும் பார்த்தவள், கழுத்து மாறியதை மட்டுமே பார்த்திருக்கிறாள்.

“அப்போ...” தொகுஜியின் குரல் இறங்கிவிட்டது. “நான் மாமா படகுக்கு வரணுமா?”

“படகுல ஏறினா நீ வாந்தி எடுக்கிறேன்னு மாமா ஊர் முழுக்கச் சொல்லிட்டான். மானம் போகுது.” அம்மா மறுபடி நடக்கத் தொடங்கினாள். “உன் மூஞ்சி வரல இல்ல? வர்ற வரைக்கும் ஸ்டுடியோவுலயே கிட. வந்தா சொல்லி அனுப்பு. நான் வந்து பார்த்துத்தான் ஒத்துக்குவேன்.”

அம்மா நிஜமாகவே அடையாளம் தெரியாமல் சொன்னாளா என்று இசோ கேட்கவில்லை. தொகுஜி இரண்டு எட்டு முன்னால் ஓடி அம்மாவின் துணிமூட்டையை வாங்கிக்கொண்டான். ஏரியில் மீன் படகுகள் வெயிலில் வெளுத்து, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தன.