வசந்தா மேடம் அழிக்கச் சொன்ன முட்டை

வசந்தா மேடம் தவறிப்போன செய்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது. கும்பகோணத்தில் பதினெட்டு வருடம் ஒரே அறையில், அவருக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். அவர் ஓய்வு பெற்ற பிறகு நான் அவருக்கு ஒரு தடவைகூடப் போன் செய்ததில்லை. போன புதன்கிழமை ஒரு பெண் கூப்பிட்டு, "சார், நான் குடவாசல் சுமதி. எனக்கு முட்டை போட்டீங்களே. மேடம் தவறிட்டாங்க சார், உங்களுக்குத் தெரியுமோ என்னமோன்னுதான் போன் பண்ணேன்" என்றாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

எங்கள் வேலை என்னவென்று மேடத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் திறனறித் தேர்வு வைத்து, யாருக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று தாளில் எழுதிக் கொடுப்போம். நான் தேர்வுக் கையேட்டை விட்டு இம்மியும் நகராதவன். "சார் கையேட்டுக்கே தாலி கட்டினவரு" என்று மேடம் கேலி செய்வார்.

சுமதிக்கு நர்ஸ் ஆக ஆசை. விரல் வேகத்தைப் பார்க்கத் துளைப் பலகையும் குச்சிகளும் கொடுத்தோம். தன் பக்கத்து வரிசையில் தொடங்கி எதிர்ப்பக்கம் வரை செருகிக்கொண்டே போக வேண்டும். அவளோ எதிர்க்கோடியில் தொடங்கித் தன் பக்கமாக வந்தாள். எல்லோருக்கும் முன்னால் முடித்தும்விட்டாள். வரிசை மாறினால் பூஜ்யம் என்பது கையேடு. போட்டேன்.

"அவ நடவுக்குப் போற பொண்ணு சார். பின்னால நகர்ந்துகிட்டேதான் நடுவாங்க. முன்னால போனா நட்டதையே மிதிக்கணும். அந்த முட்டையை அழிங்க" என்றார் மேடம். நான் அழிக்கவில்லை. தாளைப் பார்த்த சுமதியின் அப்பா நர்சிங் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டாராம். மேடம் பஸ் ஏறிப் போய், "உங்க பொண்ணு கை சரியாத்தாங்க இருக்கு, எங்க பலகைதான் தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பிறகு, அப்படியானால் நம் தேர்வே வீணா என்று வீம்பாகக் கேட்டேன். "இன்னைக்கு என்ன வருதுன்னு அது சொல்லும் சார். நாளைக்கு என்ன ஆச்சுன்னு நாமதான் போய்ப் பார்க்கணும்" என்றார். தை அறுவடை முடிந்ததும் பழைய பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போடுவார். எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது.

நான் போனபோது சாவு வீடு நிறைய அந்தப் பிள்ளைகள்தான். தரங்கம்பாடியிலிருந்துகூட வந்திருந்தார்கள். சுமதியும் இருந்தாள். ஒருவருக்கும் என்னிடம் பேச ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு தனிமையை நான் அதுவரை அறிந்ததில்லை.

மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: போய்ப் பார்ப்பது. அங்கேயே எழுந்து போய்ச் சுமதியிடம், இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"தஞ்சாவூர்ல நர்ஸ் சார். பச்சப்புள்ளைக்கு ஊசி போட நரம்பு கிடைக்கலன்னா என்னத்தான் கூப்பிடுவாங்க."

"நான் போட்டது தப்பும்மா" என்றேன்.

"மேடம்கிட்ட சொன்னீங்களா சார்?"

சொல்லவில்லை. பதினெட்டு வருடம் பேச்சு எட்டும் தூரத்தில்தான் இருந்தார்.