தனியாக வந்தால் ரூம் கிடையாது

என் அண்ணன் இறந்தது கும்பகோணத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு சின்ன லாட்ஜில். நெல் அறுக்கும் மெஷின்களுக்கு அவர் மெக்கானிக். தை பிறந்ததும் எங்கள் பக்கத்து மெஷின்கள் லாரியில் ஏறித் தஞ்சாவூர்ப் பக்கம் போகும். பின்னாலேயே அண்ணனும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். இரண்டு மாதம் பாண்டிச்சேரிப் பக்கம் உறுவையாற்றில் இருக்கும் வீட்டில் அவரைப் பார்க்க முடியாது. அப்படிப் போனவர்தான் மாசி மாதத்தில் ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். வயது ஐம்பத்திரண்டு.

என் கணவர் போய் உடலை வாங்கிவந்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

நான் பாகூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டு எழுதுகிறேன். பேர் என்ன, வயசு என்ன, எந்த ஊர், என்ன பண்ணுது, கூட யார் வந்திருக்காங்க. பல வருஷமாக இதே கேள்விகள். அண்ணன் போன பிறகு சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். வாசலில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளுக்கு நெஞ்சு எப்போதிலிருந்து வலிக்கிறது என்று என்னால் எழுத முடிகிறது. கூடப் பிறந்தவருக்கு வலித்ததா இல்லையா என்று தெரியவில்லை. ராத்திரி சாப்பிட்டாரா? யாரையாவது கூப்பிட்டாரா? யார் முதலில் பார்த்தார்கள்? இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாமல் ஒரு வருஷம் போய்விட்டது.

தலைத்திவசம் முடிந்த வாரத்தில் கணவரிடம் சொன்னேன், அந்த லாட்ஜில் ஒருநாள் போய்த் தங்கிவிட்டு வருகிறேன் என்று.

"செத்த எடத்துல போயி யாராவது தங்குவாங்களா? அங்க இன்னா இருக்குதுன்னு போற?"

"தெரியல. பார்த்துட்டு வந்துடறேன்."

"என்னைக் கூப்புடாத. ஒரு தபா போனதே போதும் எனக்கு."

கூப்பிடவில்லை. தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். லாட்ஜின் பெயர் மருத்துவமனைக் காகிதத்தில் இருந்தது. அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் அந்தப் பெயரைச் சொல்லி போனில் தேடித் தரச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தேடி எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். நாலைந்து போட்டோக்கள். பச்சைச் சுவர், சிவப்புக் கம்பளி மடித்து வைத்த கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் டிவி. கட்டிலை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த ரூம்தானா, வேறு ரூமா? தங்கிப்போனவர்கள் கீழே எழுதியிருந்தார்கள். வெந்நீர் வரவில்லை. பஸ் ஹாரன் சத்தம், தூங்க முடியாது. குடும்பத்தோடு தங்கலாம். கோயிலுக்கு நடந்தே போகலாம். ஒருவர் அண்ணன் இறந்த அதே வாரத்தில் எழுதியிருந்தார்: ரூம் சுத்தமாக இருந்தது, ஊழியர்கள் நல்லவர்கள். அதைப் பல தடவை படித்தேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், ஓ.பி. ஓய்ந்த பிறகு, அந்த நம்பருக்குப் போன் செய்தேன். மேனேஜர் எடுத்தார். வயதான குரல்.

"எத்தன பேரும்மா?"

"ஒருத்தர்தாங்க. நான் மட்டும்."

"லேடீஸ் தனியா வந்தா குடுக்கறதில்லம்மா."

"அம்பது வயசு ஆவப்போவுதுங்க எனக்கு. கவர்மென்ட் வேல. ஆதார் கார்டெல்லாம் இருக்குது."

"உங்கள சந்தேகப்பட்டுச் சொல்லலம்மா. ஜென்ட்ஸ் தனியா வந்தாலும் இப்ப குடுக்கறதில்ல. முன்னாடி குடுத்துக்கிட்டுதான் இருந்தோம். போன வருஷம் பாண்டிச்சேரி பக்கத்து ஆள் ஒருத்தர் தனியா தங்கி, காலைல பார்த்தா இறந்துகெடந்தாரு. போலீசு, ஆஸ்பத்திரின்னு ஒரே அலைச்சல். அதோட ஓனர் வேணாம்னுட்டாரு."

"சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் மேல் கோபம் வரவில்லை. தலைவலி மாத்திரைக்கு வந்த ஒரு பெரியவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, "சீட்டு குடும்மா" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். போக வேண்டாம் என்று சொன்னவர், இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு, ஒரு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"மார்ச்சுவரில ஒரு கவர் குடுத்தாங்க. சட்ட, பேன்ட், வாட்ச், போன். அதோட ஒரு சேலத்துணி இருந்துச்சு. நீட்டா கிழிச்சது. இது எங்களுது இல்லியேன்னேன். வாயக் கட்டியிருந்த துணிப்பா, லாட்ஜுல வேல செய்யற பொம்பள கட்டிவுட்டுதுன்னு கான்ஸ்டபிள் சொன்னாரு."

"எங்க அது?"

"வழியில கொள்ளிடத்துல போட்டுட்டேன். உங்கிட்ட காட்ட மனசு வர்ல." டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்தப் பொம்பளயப் பார்த்து ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கணும். பாடிய எடுக்கற அவசரத்துல அது ஒண்ணும் தோணல" என்றார்.

அடுத்த ஞாயிறு உறுவையாற்றுக்குப் போனேன். அதுவரை இந்தப் பேச்சை எடுத்தாலே அண்ணி எழுந்து உள்ளே போய்விடுவார். அன்றும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் கொல்லைப்புறம் போனார். நானும் பின்னாலேயே போனேன். தனியாகப் போனால் லாட்ஜில் ரூம் இல்லை என்றதையும், அந்தத் துணியைப் பற்றியும் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணி என்னைப் பார்த்தார்.

"யாரு கட்னது?"

"ரூம் பெருக்கற அம்மா போலக்குது, அண்ணி."

"அவங்க சேலயக் கிழிச்சா?"

"ஆமா."

மாடு குடித்து முடிக்கும்வரை அண்ணி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேருன்னு சொல்லு. நானும் வர்றேன்" என்றார்.

இரண்டாவது தடவை போன் செய்தபோது மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். போன வருஷம் இறந்தவர் என் அண்ணன் என்றேன். 

"நான் வேற உங்ககிட்டயே அப்படிப் பேசிட்டனேம்மா" என்றார்.

"பரவால்லங்க. ரெண்டு பேரா வந்தா ரூம் குடுப்பீங்களா?"

"வாங்கம்மா. ஆனா அந்த ரூம் வேணாம். எதிர் ரூம் தர்றேன்." அந்தப் பெண் இன்னும் அங்கேதான் வேலை பார்ப்பதாகவும், செவ்வாய்க்கிழமை வரமாட்டார், மற்ற நாளெல்லாம் காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார் என்றும் சொன்னார்.

அதை வைத்துத்தான் நாள் குறித்தோம். புதன்கிழமை போய்ச் சேர்வது, வியாழன் காலையில் அவரைப் பார்ப்பது, மத்தியானம் திரும்புவது. நான் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். மாட்டைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார் அண்ணி. வில்லியனூருக்குப் போய் ஒரு புடவை எடுத்தோம். எந்த நிறம் என்று தெரியவில்லை. எவ்வளவு வயதிருக்கும், கணவர் இருக்கிறாரா, எதுவும் தெரியாத ஒருவருக்குப் புடவை எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. கடைசியில் மாம்பழ நிறத்தில், மெல்லிய கரை போட்ட ஒன்றை அண்ணி எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "யாரும் கட்லாம்" என்றார்.

புதன்கிழமை கடலூர் போய் கும்பகோணம் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்த அண்ணி, கொள்ளிடத்தின் அணைக்கரைப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனபோது கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். துணியைப் போட்ட இடம் இதுதான் என்று நான் சொல்லவில்லை.

லாட்ஜ் போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னது. கீழே செருப்புக் கடை, மாடியில் ரூம்கள். மேனேஜர் எழுந்து நின்று கும்பிட்டார். ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். பேர், வயது, ஊர், எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டே வந்தேன். 'வந்த காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"கோயில்னு போடுங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

கோயில் என்று எழுதினேன். பிறகு, போன வருஷத்து ரிஜிஸ்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, அடியிலிருந்து எடுத்துப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். அண்ணனுடைய கையெழுத்து, முன்பக்கம் சாய்ந்து, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு. வந்த காரணம்: மெஷின் வேலை. காலி செய்த நேரம் என்ற கட்டத்தில் வேறொரு கையெழுத்து, காலை 11.40.

"ஆம்புலன்ஸ் போன நேரம்மா" என்றார் மேனேஜர். "எதையாவது போட்டாகணும். காலியா வுடக்கூடாது."

எங்கள் ரூமுக்கு எதிர்க் கதவு மூடியிருந்தது. அன்று அங்கே யாரும் தங்கவில்லை. அண்ணி அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கையால் தொடவில்லை. "ஒம்போதாம் நம்பர்" என்று மட்டும் சொல்லிவிட்டு எங்கள் ரூமுக்குள் வந்துவிட்டார்.

மறுநாள் காலை விளக்கமாறும் வாளியுமாக அந்த அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, காதில் ஒன்றுமில்லை. மேனேஜர் சொல்லியிருந்ததால் வாளியை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். கட்டிலில் உட்காரச் சொன்னோம், தரையில்தான் உட்கார்ந்தார். நாங்களும் இறங்கித் தரையில் உட்கார்ந்தோம்.

"ஏழரை மணிக்குக் கதவத் தட்டுனேன். உள்ள போனுல அலாரம் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, அவரு தொறக்கல. மேனேஜர்தான் வேற சாவி போட்டுத் தொறந்தாரு. ஒருக்களிச்சுப் படுத்திருந்தாரும்மா, தூங்குற மாதிரியே. தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்துச்சு. விடியக்காலந்தான் போயிருக்கணும்."

"வலி பட்ட மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே ஓ.பி. ஜன்னலில் கேட்கிற குரல் போலிருந்தது.

"போர்வ கூடக் கலையல. ராத்திரி தோசை சாப்பிட்ட எலை குப்பையில கெடந்துச்சு. தண்ணி பாட்டில் பாதி இருந்துச்சு." அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "போலீசு வர்ற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எட்டாச்சு, ஒம்பதாச்சு, யாரும் வரல. வாயி தொறந்து கெடந்துச்சும்மா. வெறச்சுப்போச்சுன்னா அப்பறம் மூடவராது. புள்ளகுட்டிங்க வந்து அப்படிப் பாக்கக்கூடாதுன்னு முந்தானையக் கிழிச்சுக் கட்டிட்டேன். போலீசுக்காரரு வந்து சத்தம் போட்டாரு, யாரக் கேட்டுத் தொட்ட, நீ யாரு இந்தாளுக்குன்னு. யாரும் இல்லீங்க, இங்க வேற யாரு இருக்கான்னு சொன்னேன்."

அண்ணி அழவில்லை. ஒரு வருஷமாக ஊரே சேர்ந்து அழ வைத்தும் அழாதவர். புடவைப் பையை எடுத்து அந்த அம்மாவின் மடியில் வைத்தார்.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்று அவர் தள்ளினார்.

"எங்க வூட்ல யாராவது செஞ்சிருந்தாலும் புடவ எடுத்துக் குடுத்திருப்போம். வாங்கிக்குங்க."

வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏழெட்டு வருஷமா வந்துகிட்டு இருந்தாரு. மெஷின்காரருன்னுதான் கூப்பிடுவோம். அவரு பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அண்ணி அண்ணன் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில், பேங்கில், மகளைக் கல்லூரியில் சேர்க்கிற இடத்தில், யாராவது கணவர் பேரைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார், நாங்கள் சொல்வோம். இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோதும் நான்தான் சொன்னேன். அன்றும் என் பக்கம் திரும்புவார் என்று வாயைத் திறந்தேன். அவர் திரும்பவில்லை. அந்த அம்மாவைப் பார்த்தபடியே அண்ணன் பேரைச் சொன்னார். சொன்ன பிறகு, சரியாகக் காதில் விழுந்ததோ இல்லையோ என்பதுபோல இன்னொரு முறை, எங்கள் அப்பா பேரோடு சேர்த்துச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அழுதார். அந்த அம்மா நகர்ந்து வந்து அவர் முதுகில் கை வைத்தார். நான் எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன்.

மத்தியானம் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். பையைக் கட்டிவைத்த பிறகு அண்ணி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "நாளைக்குப் போவலாமா?" என்றார். கணவருக்குப் போன் செய்தேன்.

"ஏன், எதுனா பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல. அண்ணி இருக்கலாங்கறாங்க. அந்த அம்மாவப் பார்த்துட்டோம்."

"நான் கேட்டதாச் சொன்னியா?"

"சொல்றேன்."

"சரி. சாப்புட்டு இருங்க."

இறங்கிப் போய் அவர் கேட்டதாகச் சொன்னேன். அந்த அம்மா மாடிப்படியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். சாயந்திரம் கோயிலுக்குப் போய்வந்தோம். ரிஜிஸ்டரில் எழுதியது பொய்யாகிவிடக் கூடாது என்றார் அண்ணி. அங்கே பெரிதாக வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. பிராகாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்து பிளாஸ்டிக் நாற்காலியை அண்ணி ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கீழே பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. மேலே மின்விசிறி கடகடத்தது. டிவி ஓடவில்லை, பேச ஆள் இல்லையென்றால் இந்த ரூமில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

"வருசா வருசம் ரெண்டு மாசம் வூட்டுத் தொல்லயெல்லாம் எந்தலையில கட்டிட்டு ஜாலியா கௌம்பிடறாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அவருகிட்டயே சொல்லியிருக்கேன். சிரிச்சிக்கினே போவாரு" என்றார் அண்ணி. "இப்படித்தான் இருந்திருக்காரு."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு தடவைகூட அவரிடம், அங்கே எங்கே தங்குகிறாய், எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. அண்ணியிடம் அதைச் சொன்னேன். பசிக்கிறதா என்று கேட்டார். இறங்கிப்போய்த் தோசை வாங்கிவந்து இலையை விரித்து இருவரும் சாப்பிட்டோம்.