புதிய பயிற்சியாளரும் நான் சொன்ன பதிலும்

பாளையங்கோட்டையில் கல்லூரி இறுதியாண்டு படித்தபோது கால்பந்து அணிக்கு நான்தான் கேப்டன். அந்த வருஷம் புதிய பயிற்சியாளர் ஒருவர் வந்தார். உவரிப் பக்கத்து மீனவக் குடும்பத்துக்காரர். ஒரு வாரம் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷம் ஓடுனாலே உங்களுக்கு மூச்சு வாங்குதுலே. இந்த வருஷம் கேவலமாத் தோக்காம இருந்தா போதும். மூணு வருஷத்துல டீம் நிமிந்துரும்" என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும்.

முதல்வர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அங்கேயும் பயிற்சியாளர் அதையே மறைக்காமல் சொன்னார். முதல்வரின் முகம் சுண்டிவிட்டது. என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு தம்பி, இந்த வருஷம் பல்கலைக்கழகக் கோப்பை வருமா?" என்று கேட்டார்.

"வரும் சார்" என்றேன்.

பயிற்சியாளர் என்னை ஒருமுறை பார்த்தார்.

முதல் சுற்றிலேயே நான்கு கோல் வாங்கித் தோற்றோம். முந்தின வருஷம் ஒன்பது வாங்கியிருந்தோம். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மறுவாரமே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மைதானத்தில் பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சார்" என்றேன்.

"சொல்லிட்டியேலே" என்றார் மெதுவாக. பையை என் கையில் கொடுத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அடுத்த வருஷம் அணியையே கலைத்துவிட்டார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கட்டணமில்லாமல் சேர்ந்திருந்த இரண்டு பேர் படிப்பை விட்டுவிட்டு சொந்த ஊரான முக்கூடலுக்கே திரும்பிப் போனார்கள். முதல்வர் அறையில் நான் சொன்னது அவர்களுக்கு இன்றும் தெரியாது.