சீவலப்பேரியில் ஒரு பியானோ

காலை ஏழு மணிக்கு நெல்லை சந்திப்பில் இறங்கினேன். பாளையங்கோட்டை பஸ் நிலையத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். சென்னையில் பியானோ சொல்லிக்கொடுக்கிற எனக்குப் பேரம் பேச வாய் வராது. கேட்டதைக் கொடுத்துவிட்டேன்.

வழியில், அயர்லாந்திலிருந்து வந்த மோய்ரா என்ற ஆசிரியையைப் பற்றி விசாரிக்க வந்திருப்பதாக ஆட்டோக்காரரிடம் சொன்னேன்.

"மோய்ரா மிஸ்ஸா? எங்க அம்மைக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவங்கல்லா! அவங்க ஊருக்குப் போயி எம்புட்டோ வருசமாச்சே யக்கா."

கார்க் நகரத்தில் பிறந்தவர் மோய்ரா. டப்ளினில் பியானோ கற்று, லண்டன் மேடைகளில் வாசித்து, சொந்தமாக இசையமைத்து அச்சிட்டவர். மணக்க இருந்தவரை இரண்டாம் உலகப் போரில் பறிகொடுத்த பிறகு, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கு இசை ஆசிரியையாக வந்துவிட்டார். லண்டனில் அவரை மறந்தே போனார்கள். இங்கே பக்கத்து வீட்டுப் பாட்டு வாத்தியார் ஸ்வரம் எழுதிய தாளே இல்லாமல் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து, இவரும் இசையைத் தாளில் எழுதுவதை விட்டார். கடைசியாக அமைத்த இசையைக் கோமதி என்ற மாணவிக்கு மட்டும், பக்கத்தில் உட்காரவைத்துக் காதால் கேட்கச் செய்தே கற்றுக்கொடுத்தார். பிறகு அயர்லாந்து திரும்பிக் காலமானார்.

அடுத்த மாதம் சென்னையில் அவருடைய இசையை மேடையில் வாசிக்கப் போகிறேன். அந்தக் கடைசி இசை இன்று கோமதியம்மாவிடம் மட்டுமே இருக்கிறது. அதைப் பதிவு செய்து வரத்தான் இந்தப் பயணம்.

சீவலப்பேரிக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இருபுறமும் நடவு முடிந்த வயல்கள். கண்டக்டரிடம் முகவரியைக் காட்டினேன்.

"பியானோ வீடுதானே? வாசல்லயே நிறுத்தச் சொல்லுதேன். பைய இறங்குங்க."

வாசலில் நின்றிருந்தார் சங்கரலிங்கம், கோமதியம்மாவின் கணவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். போனில், "தெனமும் வாசிக்கா, வந்து கேளுங்கம்மா" என்று அழைத்தவர் இவர்தான்.

பியானோ மேல் பத்தமடைப் பாய் ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். ஈரம் தாக்காமலிருக்க மழைக்காலத்தில் உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிடுவாராம். பாயைச் சுருட்டிவிட்டு மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைத்தார். பிறகு கோமதியம்மாவின் வலக்கையைத் தூக்கி அவர் மடியிலேயே வைத்தார். அது அசையாமல் கிடந்தது.

"பக்கவாதம் வந்து மூணு வருசமாச்சும்மா. பேச்சும் போச்சு."

இடக்கை மட்டும் வாசிக்கத் தொடங்கியது. கனமான, நிதானமான ஸ்வரங்கள். நடுநடுவே கை நின்று காத்திருந்தது. மெட்டு வரவேண்டிய இடங்கள் அவை. மெட்டு முழுவதும் வலக்கையில் இருந்திருக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை அவர் கை நின்றபோது, பொருத்தமாகத் தோன்றிய நான்கைந்து ஸ்வரங்களை நானே வாசித்தேன். கோமதியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. என் கையைக் கட்டைகளிலிருந்து எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். அத்தனை வெட்கம் நான் எந்த மேடையிலும் பட்டதில்லை.

வாசித்து முடித்தபோது அவர் முகம் வேர்த்திருந்தது. நிறைவாகவும் இருந்தது.

"ஐயா, எனக்கு ஒரு கை வாசிச்சதுதான் கேட்டுது" என்றேன்.

"அப்படியா?" சங்கரலிங்கம் நிஜமாகவே திகைத்தார். "நாப்பது வருசமா கேக்கேன்லா. எனக்கு முழுசாத்தாம்மா கேக்கு."

அந்த மெட்டைப் பாடிக் காட்டச் சொன்னேன். வாயைத் திறந்தார், மூடினார். "உள்ளுக்குள்ள ஓடுது. வாய்க்கு வர மாட்டேங்குதே."

மதியச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள். பஸ் நகர்ந்ததும் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

சென்னையில் என் வீட்டு பியானோவுக்கு ஏசி உண்டு, வருடத்துக்கு இரண்டு முறை சுருதி பார்க்க ஆளும் உண்டு. பதிவு செய்துவந்த அந்த இடக்கைப் பகுதியைத் தினமும் பழகுகிறேன். காத்திருக்க வேண்டிய இடம் வரும்போதெல்லாம் என் வலக்கை எதையாவது வாசிக்கத் துடிக்கிறது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். மேடையிலும் அப்படியேதான் வாசிக்கப் போகிறேன்.