ஜூரோங் தாளில் இல்லாத வீடு

ஒரே அறையில் தங்கி, தேக்காவில் ஒரே கடையில் சாப்பிட்டு, ஒரே நில அளவை அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவன் அவன். அறுபதுகளின் தொடக்கம். ஜூரோங் சதுப்புக்காட்டை வரைபடமாக்கும் வேலை எங்களுக்கு வந்திருந்தது. இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்கள்தான் ஆதாரம். அடுத்தடுத்த இரண்டு படங்களை இரட்டைக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால் மரங்கள் எழும்பி நிற்கும், ஓடைகள் பள்ளமாகும். ஆனால் மரத்தடியில் இருப்பது தெரியாது. நேரில் போய்ப் பார்த்துக் குறித்து வருவது அவன் வேலை. அவன் குறித்ததை வரைவது என் வேலை.

என் அக்கா அந்த மரத்தடியில்தான் குடியிருந்தாள். அத்தான் இறால் குளத்தில் மதகு திறந்து மூடுகிறவர். மதகுக்குப் பின்னால் மூன்று அத்தாப்பு ஓலைக் குடிசைகள், நடுவில் இருப்பது அக்கா வீடு என்று அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். காட்டை மண் கொட்டி மேடாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. வரைபடத்தில் இருக்கிற வீட்டுக்குத்தான் மாற்று வீடு.

போய்விட்டு வந்தவன் அக்கா வைத்த நண்டுக் குழம்பை வாயாரப் புகழ்ந்தான். உப்பும் உறைப்பும் சரியாக இருந்ததாம். அதை மட்டும் ஒழுங்காகக் கவனித்திருக்கிறான். மறுநாள் அவன் கொடுத்த தாளில் மதகுக்குப் பின்னால் வெறும் சதுப்பு.

"வீடு எங்கடா?" என்றேன்.

"மூணு குடிசைதானே லா. போட்டா திரும்பப் போய் அளக்கச் சொல்வாங்க. புரமோஷன் இன்டர்வியூக்கு முன்னாடி இந்த ஷீட்டை முடிக்கணும்."

மேலதிகாரியிடம் போனேன். நேரில் பார்த்தவன் சொல்வதுதான் செல்லும், உன் சொந்தக்காரர்களுக்காக வரைபடத்தைத் திருத்த முடியாது என்றுவிட்டார். அந்த இடத்தில் சதுப்புக்கான கோடுகளை நானே போட்டேன். அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அறையைக் காலி செய்துகொண்டு போனான்.

சில வருஷம் கழித்து மண் லாரிகள் வந்தன. சாலையோரக் குடும்பங்களுக்குத் தோ பாயோ அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. இங்கே வீடே இல்லையே என்று வரைபடத்தைக் காட்டி அக்காவை அனுப்பிவிட்டார்கள். அவளும் அத்தானும் மூட்டை முடிச்சோடு என் அறைக்கு வந்தார்கள்.

அவன் கட்டில் கிடந்த இடத்தில் பாயை விரித்தபடி அக்கா எனக்குத் தைரியம் சொன்னாள்.

"நீ ஏன்டா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கே? உன் கூட்டாளி, அந்தத் தம்பி, நம்ம வீட்டுல உக்காந்து சாப்பிட்டுச்சுல்ல. அதைக் கூட்டிட்டு வா. அங்க வீடு இருந்துச்சுன்னு அது சொன்னா நம்புவாங்க."